புறங்கை

மக்களே, ஃபிரிட்ஜைத் திறக்கும் முன்னாலும், மோட்டார் ஷெட்டின் தகரக் கதவைத் தள்ளும் முன்னாலும் அப்பா புறங்கையால் ஒரு தட்டு தட்டிப் பார்ப்பதைக் கண்டு நீங்கள் இரண்டு பேரும் கண்ணால் பேசிச் சிரிப்பது எனக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை இளையவன் அதை அப்படியே செய்து காட்டினான். அம்மா சிரித்துச் சிரித்து இருமினாள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பழக்கம் ஒரு மனிதரிடமிருந்து வந்து என் கையில் ஒட்டிக்கொண்டது. அவரைப் பற்றி உங்களுக்கு எழுதி வைக்க வேண்டும் என்று அன்று சாயங்காலமே தோன்றியது.

அவர் பெயரை எழுதவில்லை. அவருடைய மகள் இந்தப் பக்கத்தில்தான் வாழ்கிறாள். நாளைக்கே பஸ்ஸில் உங்களுக்குப் பக்கத்து சீட்டில் இருக்கலாம். நான் எட்டாம் வகுப்போடு நின்று டைல்ஸ் ஒட்டப் போனவன். பிழை இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். நீங்கள் மலையாளத்தில் படிக்கிறவர்கள் என்றாலும் ஜெபப் புத்தகத்தைத் தமிழில்தானே வாசிக்கிறீர்கள். அது போதும்.

அவர் லைன்மேன். நாம் முன்பு வாடகைக்கு இருந்த வீட்டுக்கு எதிர்வீடு. மூத்தவளுக்குக் கொஞ்சம் நினைவு இருக்கலாம். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் அவர் ஏறாத கரண்ட் போஸ்ட் கிடையாது. அவர் போய்ச் சேர்ந்து இப்போது நாளாகிவிட்டது. படுத்துக் கிடக்காமல், யாருக்கும் கஷ்டம் கொடுக்காமல் போனார்.

எதையும் அவர் உள்ளங்கையால் தொட மாட்டார். முதலில் புறங்கை. அதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தால்தான் உள்ளங்கை. கரண்ட் பாயும் சாமானை உள்ளங்கையால் தொட்டால் விரல்கள் தாமாகவே மடங்கி அதைப் பிடித்துக்கொள்ளும், விடுவிக்க முடியாது. புறங்கையால் தொட்டால் கை வெட்டி இழுத்துக்கொண்டு வந்துவிடும். போஸ்ட்டில் ஏறுகிறவர்களுக்கு இது பால பாடம். இவர் அதைக் கீழே இறங்கிய பிறகும் விடவில்லை. பஸ்ஸின் கம்பி, சர்ச்சின் கேட், கட்டிப் போட்ட பசு, டீக்கடையில் சாயை கிளாஸ், சந்தையில் சக்கைப்பழம், எல்லாவற்றிற்கும் முதலில் புறங்கை. அவருடைய மனைவியை நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். அக்கா அவர் முன்னால் வைத்தே சொல்லுவாள்: "மோதிரம் இட எனக்க கையைப் பிடிச்சாரு பாத்துக்கோ, அப்பமும் முதல்ல புறங்கைதான். நான் ஷாக் அடிக்குகேனான்னு பாத்தாராக்கும்." அவர் சிரிக்காமல், "கொஞ்சம் அடிச்சுது" என்பார்.

சிரிக்காமல் சிரிக்க வைப்பது அவருக்கு வரும். கல்யாண மண்டபத்தில் கழிப்பறைக் கதவை யாராவது தட்டினால் உள்ளேயிருந்து, "லைன்ல ஆளுண்டு" என்று குரல் வரும். கம்பியில் ஆள் ஏறியிருக்கிறான், சுவிட்சைப் போட்டுவிடாதே என்று அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் எச்சரிக்கை அது. ஊரில் பிள்ளைகள்கூட அதைப் பிடித்துக்கொண்டு சொல்லித் திரிந்தார்கள்.

எனக்கு அவரோடு பழக்கம் வந்ததே ஒரு சண்டையில். திருப்புறத்தில் ஒரு புது வீட்டில் டைல்ஸ் வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்டும் மிஷினில் பிளேடு சூடாகாமல் இருக்கத் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். நான் வெறுங்காலோடு அந்தத் தண்ணீரில் நின்றேன். மிஷின் திடீரென்று நின்றது. வெளியே போய்ப் பார்த்தால் மெயின் சுவிட்ச் பக்கத்தில் இவர் நிற்கிறார். மீட்டர் பார்க்க வந்தவர் ஃபியூஸ் கட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"எலே, வெள்ளத்துல நின்னு கரண்டைப் பிடிச்சிட்டு நிக்கியே. நாளைக்கு உனக்க பெண்டாட்டிட்ட ஆருடே பதில் சொல்லுகது?"

வீட்டுக்காரர் மலையாளத்தில் கத்தினார். இவர் அசையவில்லை. நான் ரப்பர் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு வந்த பிறகுதான் கட்டையைத் திருப்பித் தந்தார். அந்த வீட்டுக்காரர் அதற்குப் பிறகு எனக்கு வேலை தரவில்லை.

இப்படியே ஊர் முழுக்க எச்சரித்துக்கொண்டு நடந்தார். யாரும் கேட்கவில்லை. அக்கா ஈரத் தலையோடு இஸ்திரி போடுவாள். மகள் போனைச் சார்ஜில் போட்டுக்கொண்டே பேசுவாள். கம்பியில் துணி காயப் போடாதீர்கள் என்று சொன்ன வீடுகளில் அடுத்த நாளும் துணி காய்ந்தது. அவர் சொன்னதைச் சொன்னபடி கேட்டது ஒரே ஒரு ஆள். அவருடைய மகன்.

அதற்கு அவர் வைத்திருந்த கதை ஒன்று உண்டு. எனக்கே பலமுறை சொல்லியிருக்கிறார். மகன் சின்ன வகுப்பில் படிக்கும்போது ஒரு மழைக்காலம். காற்றில் தென்னை ஓலை விழுந்து, நம் சந்தில் லைன் அறுந்து தண்ணீருக்குள் கிடந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன் அந்தத் தண்ணீருக்கு ஓரடி தள்ளி நின்றிருந்தான். அந்தப் பக்கத்திலிருந்து இவர் பார்த்துவிட்டார். "மக்கா, அங்கேயே நில்லு. நான் வாறது வரைக்கும் காலை எடுக்காதே" என்று கத்திவிட்டு, டிரான்ஸ்ஃபார்மரில் லைனை ஆஃப் செய்ய ஓடினார். வழியில் மரம் விழுந்து கிடந்தது. சுற்றிப் போய், அணைத்துவிட்டுத் திரும்பி வர நேரமாகிவிட்டது. யாரோ பையனைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்தார். பையன் அதே இடத்தில், அதே மழையில், இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்றான். நிக்கரிலேயே மூத்திரம் போயிருந்தான். பக்கத்து வீட்டு ஆள்கள் கூப்பிட்டும் அசையவில்லையாம்.

"நான் நில்லுன்னா நிப்பான்" என்று சொல்லி முடிப்பார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும்.

அந்தப் பையன் வளர்ந்து போலந்துக்குப் போனான். மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. அவன் அங்கே போன வருஷத்திலேயே, குளிர் தொடங்கும்போது நான் அவர்கள் சமையலறைக்கு டைல்ஸ் மாற்றிக்கொண்டிருந்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டு எல்லோரும் பேசினார்கள். பையன் சந்தோஷமாகச் சொன்னான், பேட்டரி வைத்த கையுறை ஒன்று வாங்கியிருக்கிறானாம். பட்டனை அழுத்தினால் உள்ளே கம்பி சூடாகி விரல் வரைக்கும் இதமாக இருக்குமாம். அதில்லாமல் அந்த ஊரில் குளிர்காலத்தில் வண்டி ஓட்ட முடியாதாம்.

இவருக்கு முகம் மாறிவிட்டது.

"வேண்டாம் மக்கா. பனின்னா என்னது, வெள்ளமாக்கும். நனைஞ்ச கையில கரண்டு சாதனம் வேண்டாம். கழத்திப் போடு."

அக்கா உள்ளேயிருந்து, "அவன் என்ன போஸ்ட்டுலயா ஏறுகான், சும்மா இரிங்க" என்றாள். பையன், "சரிப்பா" என்றான். நான் கேட்டது அவ்வளவுதான்.

அடுத்த தை மாதம் செய்தி வந்தது. அவனோடு ஒரே அறையில் இருந்த காஞ்சிரங்குளத்துப் பையன்தான் கூப்பிட்டான். சாயங்காலம் பனி விழுந்திருந்தது, பாலத்து இறக்கத்தில் கை மரத்துப்போய்ப் பிரேக் பிடிக்க முடியவில்லை என்று அழுதுகொண்டே சொல்லியிருக்கிறான். கை மரத்துப்போய் என்ற அந்தச் சொல் இவருக்குள் இறங்கிவிட்டது.

சவப்பெட்டி வீட்டுக்கு வந்த அன்று நான் பக்கத்தில் நின்றேன். முகத்தை மட்டும் திறந்து காட்டினார்கள். இவர் குனிந்து புறங்கையால் மகனுடைய கன்னத்தைத் தொட்டார். எல்லாவற்றையும் தொட்டதும் பின்னுக்கு வரும் அந்தக் கை அன்று வரவில்லை. மற்றவர்கள் எடுத்து விடும் வரை அங்கேயே இருந்தது.

மகனுடைய சாமான்களைக் கட்டி அனுப்பிய பெட்டியில் அந்தக் கையுறையும் இருந்தது. கறுப்பு, தடிமன். மணிக்கட்டுக்கு மேலே ஒரு பட்டன். அழுத்தினால் சிவப்பாக எரியும். உள்ளங்கைப் பக்கம் தோல் வெளுத்து, பெருவிரல் மடியும் இடத்தில் பளபளப்பாக இருந்தது. நிறைய நாள் போட்டு ஓட்டிய கையுறை மாதிரி எனக்குப் பட்டது. அதை அவரிடம் சொன்னேன்.

"பழசு வாங்கியிருப்பான்" என்றார்.

பிறகு அவர் அதைப் போட ஆரம்பித்தார். மக்களே, நம் ஊர் வெயிலை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வெயிலில், பழைய வண்டியில், கையில் பனி நாட்டுக் கையுறையோடு, பட்டனைச் சிவப்பில் வைத்து அவர் ஓட்டினார். மணிக்கட்டிலிருந்து வியர்வை சொட்டும். தனுவச்சபுரம் ஜங்ஷனில் காலேஜ் பிள்ளைகள், "சேட்டா, மஞ்ஞு வீழுந்நுண்டோ?" என்று பனி விழுகிறதா எனக் கேட்டுச் சிரிப்பார்கள். மார்கழி விடியலில் நாங்கள் வேலைக்குக் கிளம்பும்போது, ரப்பர் தோட்டத்து மூடல் பனிக்குள் முதலில் இரண்டு சிவப்புப் புள்ளிகள் தெரியும், அதற்குப் பிறகுதான் வண்டிச் சத்தம் கேட்கும். மூத்தவள் ஒரு நாள் அதைக் கண்டு என் காலைக் கட்டிக்கொண்டாள். இன்றைக்கும் மூடல் உள்ள காலையில் ஏதாவது வண்டி வந்தால், சத்தம் கேட்கும் வரை நான் ரோட்டோரம் ஒதுங்கி நிற்கிறேன்.

மழை வந்தால் இன்னும் மோசம். மற்றவர்கள் ஒதுங்கும்போது இவர் வண்டியை எடுப்பார். கையுறை ஊறித் தண்ணீர் வடியும் வரை ஓட்டிவிட்டு வந்து, வீட்டு முன்னால் வண்டியில் உட்கார்ந்தபடியே கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். நான் ஒரு நாள் குடையோடு போய் நின்று, என்ன அண்ணே இது என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாதா மக்கா. சின்ன பேட்டரி. நாக்குல வச்சாக்கூட லேசாப் புளிக்கும், அவ்வளவுதான். அண்ணைக்கு வாயில வந்தது புத்தியில்ல. போஸ்ட்டுல ஏறி ஏறி ஏறின பயமாக்கும் வந்தது." கையை இன்னொரு முறை திருப்பினார். "ஒரு தடவை அடிச்சாப் போதும். ஒரே ஒரு தடவை. நான் சொன்னதுல ஒரு காரியம் உண்டுன்னு ஆவும்."

அது அடிக்கவில்லை. நனைந்தாலும் இதமாகச் சூடாகத்தான் இருந்தது. அதுதான் அவரைத் தின்றது. உள்ளங்கை வெந்து, தோல் உரிந்து, சிவந்து கிடந்தது. அக்கா ஒரு முறை கையுறையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாள். அவர் தேடவில்லை, கோபப்படவில்லை. இரண்டு கையையும் மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு சோறு தின்னாமல் உட்கார்ந்திருந்தார். மறுநாள் அவளே எடுத்துக் கொண்டுவந்து வைத்தாள்.

கையுறையை மகன் போட்டானா இல்லையா என்பது ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். சாமான்களைக் கட்டி அனுப்பிய அந்தக் காஞ்சிரங்குளத்துப் பையனுக்கு. இவர் அவனைக் கூப்பிட்டுக் கேட்கவே இல்லை. அவன் லீவில் ஊருக்கு வந்து, மிட்டாய்ப் பொட்டலத்தோடு ஒரு நாள் வீட்டுக்கே வந்துவிட்டான். அக்கா சொல்லி அனுப்பியதால் நானும் போய் உட்கார்ந்தேன்.

இவர் அவனைப் பேச விடவில்லை. அங்கே போஸ்ட் உண்டா என்று கேட்டார். டவுனில் எல்லாம் மண்ணுக்கடியில் போகிறது என்றான் பையன். அப்படியானால் அங்கே லைன்மேன் எங்கே ஏறுவான் என்று கேட்டார். சாப்பாடு, வாடகை, சூரியன் எத்தனை மணிக்கு விழும், எல்லாம் கேட்டார். பையன் இரண்டு முறை, "மாமா, அவனுக்க கிளவுஸ்" என்று தொடங்கினான். இரண்டு முறையும் இவர் எழுந்துவிட்டார். முதலில் சாயை ஆறுகிறது என்றார். பிறகு பஸ் போய்விடும் என்றார். புறப்படும்போது பையனுடைய கையைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, "சூடுண்டு" என்றார்.

நான்தான் அவனைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். காலேஜ் விடும் நேரம். இரண்டு பஸ் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு நிற்காமல் போய்விட்டது. நாங்கள் நிறுத்தத்தில் நின்றோம். அவன் சொன்னான்:

"அண்ணே, மாமாட்ட சொல்ல விடல. அவன் அதைத் தினமும் இடுவான்."

"அப்பா வேண்டாம்னு சொன்னாரே."

"அதைச் சொல்லித்தானே எங்களைச் சிரிக்க வைப்பான். கிளவுஸை இட்டுட்டு, அறையில ஒவ்வொரு சாமானா புறங்கையால தொட்டுப் பாப்பான். பாத்ரூம் கதவைத் தட்டி, லைன்ல ஆளுண்டான்னு கேப்பான். அப்பாவைப் பத்தி பேசாத நாளே இல்ல அண்ணே."

பிறகு அந்த நாளைப் பற்றிச் சொன்னான். காலையில் நல்ல வெயில். அந்த ஊரில் குளிர்காலத்தில் வெயிலைக் கண்டால் ஆள்களுக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிடுமாம். ஹீட்டர் மேல் காயப் போட்டிருந்த கையுறையை எடுக்காமல் விசில் அடித்துக்கொண்டு போனான். சாயங்காலம் திடீரென்று பனி இறங்கியது. அவ்வளவுதான். யார் சொல்லும் அதில் இல்லை.

ஒரு போட்டோவை என் போனுக்கு அனுப்பித் தந்தான். பனிக்குள் வண்டிமேல் மகன் உட்கார்ந்திருக்கிறான். ஹெல்மெட்டில் வெள்ளையாகப் பனி. இரண்டு கையையும் மேலே தூக்கி, புறங்கையைக் காட்டுகிறான். கையுறையில் இரண்டு சிவப்பு விளக்கு. கண் மூடிப்போகும் அளவுக்குச் சிரிப்பு.

ஒரு மனிதனின் தலையிலிருந்து கல்லை இறக்கப் போகிறேன் என்று நினைத்து அடுத்த நாள் காலையிலேயே போனேன். அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். தினமும் போட்டான், உங்கள் வார்த்தையால் ஒன்றும் நடக்கவில்லை, வெயிலைப் பார்த்து விட்டுவிட்டுப் போனான் என்று விவரமாகச் சொன்னேன். அவர் துணியைப் பிழிந்தார். டேங்கைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"அந்தப் பய நல்லவனாக்கும். எனக்கு மனசு ஆறட்டும்னு சொல்லியிருப்பான்."

"போட்டோ உண்டு அண்ணே." போனை நீட்டினேன்.

அவர் அதைப் புறங்கையால் தொட்டார். அப்படியே கவிழ்த்து சீட்டின் மேல் வைத்தார். பார்க்கவில்லை.

"போன் சூடாயிருக்கு மக்கா. அணைச்சு வை."

"ஒரு தடவை பாருங்க அண்ணே. அவன் சிரிக்கியான்."

அவர் துணியை மறுபடியும் பிழிந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "எனக்க ஆயுசுல நான் சொன்னதை ஒருத்தரும் கேட்டதில்ல. அவன் கேட்டான். நில்லுன்னா நிப்பான். கழத்துன்னா கழத்துவான். எனக்கு அது ஒண்ணுதான் மிச்சம். அதையும் நீ எடுத்துட்டுப் போவாதே."

நான் சீட்டிலிருந்து போனை எடுத்துக்கொண்டேன். அவர் கையுறையை மாட்டினார். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பட்டனையும் அழுத்தினார். வண்டியை எடுத்துக்கொண்டு போனார். வெயில் அப்போதே ஏறிவிட்டிருந்தது.

அக்கா கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வந்து போனை வாங்கி, திருப்பி, நெடுநேரம் பார்த்தாள். முந்தானையால் திரையைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கான்" என்றாள். உங்களுக்கு அனுப்பட்டுமா அக்கா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "எனக்க போனை அவருதான் தினமும் சார்ஜுல இடுகது" என்று சொல்லி என் கையில் திருப்பித் தந்தாள்.

அதற்குப் பிறகு அவர் என்னோடு முன்போலத்தான் பேசினார். வாறியா, போறியா என்று கேட்டார், செருப்புப் போட்டாயா என்று கேட்டார். ஆனால் பேசும்போது அவருடைய கண் என் முகத்தில் இருக்காது. என் சட்டைப்பையில், போன் இருக்கும் இடத்தில் இருக்கும். ஒரு நாள் மழையில் வந்து வண்டியை நிறுத்தி, அந்தப் பையையே பார்த்துவிட்டுப் போனார். கேட்டுவிடுவாரோ என்று நான் பயந்தேன். அவர் கேட்டால் காட்டாமல் இருக்க என்னால் முடியாது. காட்டினால் அவரிடம் என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியவில்லை.

மக்களே, அப்பா சொல்வதைக் கேளுங்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. கேட்காதீர்கள் என்றும் எழுதவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை இளையவன் என் கையைப் போலச் செய்து காட்டியபோது, அம்மாவும் சேர்ந்து நீங்கள் மூன்று பேரும் சிரித்தபோது, எனக்கு அந்தப் போட்டோ ஞாபகம் வந்தது. அது இப்போது என்னிடம் இல்லை. எப்படி இல்லாமல் போனது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அவர் மழையில் வந்து என் பையைப் பார்த்துவிட்டுப் போன மறுநாள், பூவார் போகும் வழியில் ஒரு வீட்டில் முன்னறைக்கு டைல்ஸ் ஒட்டி முடித்திருந்தேன். கூட வேலை செய்தவர்கள் சோறு தின்னப் போயிருந்தார்கள். கதவு வைக்காத வீடு. நான் சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து, விரலில் இருந்த சிமெண்டைச் சட்டையில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தேன். அந்தப் போட்டோவை அழிக்கட்டுமா என்று போன் கேட்டது. அழுத்தினேன். அழித்தது வேறொரு பக்கத்தில் போய் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைத் திறந்தேன். அவன் அங்கேயும் இரண்டு கையையும் தூக்கிச் சிரித்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் பார்த்தேன். மறுபடியும் அழுத்தினேன். பிறகு எழுந்து, இன்னும் ஒட்டிப் பிடிக்காத டைல்ஸின் மேல் கால் படாமல், சுவரோரமாகவே நடந்து வெளியே வந்தேன்.